தமையன் வேண்டாமென்ற நாற்காலி

அத்தியாயம் 14

"அண்ணை, ஒரு விஷயம். போனிலை கதைக்கேலாது. நாளைக்கு மத்தியானம் வீட்டை வாறன்."

பட்டர்வொர்த்திலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜா சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவனுடைய தமையனார் அம்பிகைபாகன் இரவெல்லாம் புரண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். விடியும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தம்பி அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தம்முடைய வழக்கறிஞர் அலுவலகத்துக்கே வந்துவிடச் சம்மதித்துவிட்டான்.

வேறு என்ன இருக்க முடியும்? தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. நீதித்துறைச் சேவையில் சேர்ந்த நாள் முதல் திரங்கானு, கிளந்தான், மூவார் என்று பெட்டி கட்டியே பாதி ஆயுள் போயிற்று. இப்போது பட்டர்வொர்த் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தலைவர். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. இரண்டு பையன்களும் அடுத்தடுத்து மேல்படிப்புக்கு நிற்கிறார்கள். அண்ணனோ பீச் ஸ்திரீட்டில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் நடத்துகிறவர். மெக்காலிஸ்டர் ரோட்டில் மாடி வீடு, வாசலில் வோல்வோ. தம்பியை லண்டனுக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்ததும் அவர்தான். இதைப் பினாங்கில் உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எல்லாம் அறியும். அம்பிகைபாகனே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

காலை இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி தவமணியிடம் அவர் சொன்னார்:

"போர்டை மாத்த வேணும். 'அம்பிகைபாகனும் சகோதரரும்' எண்டு."

"மாத்துங்கோ. ஆனால் குணவதி அடுத்த நாளே இஞ்ச வந்து எனக்குச் சரிசமனாச் சோபாவிலை இருக்கப் பாப்பாள்."

குணவதி, தம்பியின் மனைவி.

"இருந்தால் என்ன? சோபா தேஞ்சு போகுமோ?"

"இருக்கட்டும். ஆனால் நான் ஆர்? ஹை கோர்ட் கதிரை தேடி வந்தும் வேண்டாமெண்டு சொன்ன மனுசன்ரை பெண்சாதி. அது அவளுக்கு ஞாபகம் இருக்க வேணும்."

அம்பிகைபாகன் இடியப்பத்தைப் பிசைந்தார். 

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியின் இடம் காலியாயிற்று. அம்பிகைபாகனுக்கு அப்போது ஐம்பது வயது. தொழிலில் உச்சத்தில் இருந்தார். பத்து வருடம் தொழில் செய்தவர் எவருக்கும் சட்டப்படி அந்தத் தகுதி உண்டு. அவருக்கோ இருபதைத் தாண்டியிருந்தது. குளிக்கும் அறையில் 'ஜஸ்டிஸ் அம்பிகைபாகன்' என்று தாமே தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டதும் உண்டு. இடம் தைப்பிங் வழக்கறிஞர் ஒருவருக்குப் போயிற்று.

அந்த வாரமே ஒரு கல்யாண வீடு. பந்தியில் இருந்த சொந்தக்காரர் விநாசித்தம்பி, நூறு பேர் கேட்க, "என்ன பாகன், உம்மை ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என்றார்.

"கேட்டவை. நான்தான் வேண்டாமெண்டிட்டன். அந்தச் சம்பளத்துக்கு ஆர் போறது?"

அந்தப் பதில் தம் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அம்பிகைபாகனுக்கே தெரியாது. உண்மையில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு தொலைபேசிகூட வரவில்லை. ஆனால் பந்தி முழுவதும் அண்ணாந்து பார்த்தது. விநாசித்தம்பி அப்பளத்தை உடைக்க மறந்தார்.

பதவி பெற்றவருக்கு ஒரு நாள்தான் மாலை விழுந்தது. பதவியை வேண்டாம் என்றவருக்கு எட்டு வருடமாக விழுந்துகொண்டிருக்கிறது. பினாங்கு யாழ்ப்பாணத்தார் சங்கத்துத் தலைவர் பதவி வந்தது. ஈப்போவில் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் முதலில் பேசியதே இந்தக் கதையைத்தான். தவமணிக்கும் அவர் வேறு கதை சொன்னதில்லை. குடும்பத்தின் மானத்தைக் காக்கச் சொன்ன வார்த்தை என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் போட்டு, மேல்முறையீடு இல்லாமல் வழக்கை முடித்துவிட்டார்.

முடிந்த வழக்கு அன்று காலை திறந்துகொண்டது.

*

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் அங்கி மாற்றும் அறை. கழுத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த அம்பிகைபாகனைக் கண்டதும் ஷேக் அலாவுதீன் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். மூத்த வழக்கறிஞர், வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவர்.

"வாங்கண்ணே வாங்க. இனிமே உங்களைப் பார்த்தா எந்திரிச்சு நின்னு பழகிக்கணும்லா."

"ஏன், எனக்கு என்ன வந்தது?"

"உங்களுக்கு ஒன்னும் வரலைண்ணே. வீட்டுக்கு வருது." அலாவுதீன் குரலைத் தாழ்த்தினார். "மேலிடத்துலருந்து எனக்குப் போன். தம்பியைப் பத்தி விசாரிச்சாங்க."

"எந்தத் தம்பி?"

"என்னாண்ணே, உங்களுக்கு எத்தனை தம்பி? ஒன்னுதானே!"

அம்பிகைபாகனின் விரல்களில் வெள்ளைப் பட்டையின் முடிச்சு அவிழ்ந்தது.

இந்த மாதிரி விசாரணைக்கு என்ன பொருள் என்று அங்கி போட்ட எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. உயர்நீதிமன்ற நாற்காலிக்கு விண்ணப்பம் கிடையாது, பரீட்சை கிடையாது. தலைமை நீதிபதியாகிய லார்ட் பிரெசிடெண்ட் ஓர் ஆளை மனத்தில் வைப்பார். அந்த ஆளின் கை சுத்தமா, கோபக்காரனா, கடன்காரனா என்று நாலு பெரிய மனிதர்களிடம் ஓசைப்படாமல் கேட்பார்கள். பிறகு பிரதமரிடம் பேச்சு. பிரதமர், சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர் மாநாட்டைக் கலந்தாலோசித்து மாமன்னருக்கு ஆலோசனை சொல்வார். மாமன்னர் நியமிப்பார். இத்தனை வாசலுக்கும் முதல் வாசல் இந்தத் தொலைபேசிதான்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமாண்ணே? 'அண்ணனைவிடப் பேச்சு கம்மி. அதுக்காகவே நல்ல ஜட்ஜா வருவாரு'ன்னேன்." அலாவுதீன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க வேணாம்னு விட்ட நாற்காலி, வீட்டோட இருக்கட்டுமேன்னு ஒரு நல்ல எண்ணம்தான்."

"நல்லது."

"ஆமாண்ணே, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. அப்ப உங்களைப் பத்தி யாரைண்ணே விசாரிச்சாங்க? அந்த வருஷம் நம்ம வக்கீல்க பார் கமிட்டித் தலைவரு நான்தானே? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"அது வேறை வழியாலை வந்தது."

"ஓ. வேற வழி." அலாவுதீன் கிளாஸைத் தூக்கி அடியில் கிடந்த சீனியைப் பார்த்தார். "அப்படியும் இருக்கும்லா."

அன்று அம்பிகைபாகனுக்கு ஒரு நில வழக்கு. எழுந்து நின்று நீதிபதியை நோக்கிக் குனிந்தார். குனிந்த தலை நிமிர்ந்தபோது மேலே இருந்த முகம் தம்பியின் முகமாகத் தெரிந்தது. ஒரு நொடிதான். 

லண்டனுக்குக் கப்பல் ஏறும்போது கம்பளிக் கோட்டு வாங்கிக் கொடுத்துப் பொத்தான் போட்டுவிட்டது இந்தக் கை. முதல் வழக்கில் தம்பி உளறியபோது பின்வரிசையில் இருந்து இருமி எச்சரித்தது இந்தத் தொண்டை. அவனுக்கா? பேச்சு வராதவனுக்கா? தம்மைப் பற்றி ஊரில் ஒரு மனிதனிடமும் கேட்காதவர்கள், அவனைப் பற்றி அலாவுதீனிடம் கேட்டார்களா?

"மிஸ்டர் அம்பிகைபாகன், மேலே சொல்லலாம்," என்று நீதிபதி இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அவருக்கு எந்த வழக்கு என்பதே நினைவு வந்தது.

*

ஸ்ரீஸ்கந்தராஜா ஃபெரியில் வந்து, துறையிலிருந்து பேச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷா பிடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தை வாசலில் ஒழுங்காக வைத்தான். அண்ணன் உட்காரச் சொல்லும்வரை நின்றான். நாற்பத்தெட்டு வயதிலும் அந்த வழக்கம் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிச் சாப்பாடு. கத்தரிக்காய்ப் பால்கறியைத் தொட்டுக்கொண்டு அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணை, கோலாலம்பூரிலை இருந்து பெரியவர், லார்ட் பிரெசிடெண்ட், கதைச்சவர்."

"தெரியும்."

"உங்களுக்கு எப்பிடி?"

"பினாங்கிலை எனக்குத் தெரியாமல் ஏதும் நடக்குமோ? சொல்லு."

"கேட்டால் சம்மதிப்பியோ எண்டு கேட்டவர். அவ்வளவுதான். ஆட்சியாளர் மாநாடு கூடி, மாமன்னர் அகோங் நியமிக்கிற வரைக்கும் ஒண்டும் நிச்சயமில்லையாம். வெளியிலை மூச்சு விடக்கூடாதாம்."

சோற்றுக் கரண்டியோடு வந்த தவமணி நின்றுவிட்டாள்.

"என்னத்துக்குத் தம்பி சம்மதம்?"

"ஹை கோர்ட், அண்ணி."

சோறு கரண்டியிலேயே இருந்தது. தவமணியின் கண்ணுக்கு முன்னால் என்ன ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர்மலைக் கோயில் பூசையில் முதல் வரிசை; அதில் நடுவில் குணவதி; பக்கத்தில், சற்றுத் தள்ளி, தான்.

"நல்ல விஷயம்," என்றாள். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது. "ஆனால் சம்பளம் காணுமோ தம்பி? ரெண்டு பொடியளையும் படிப்பிக்க வேணுமே. உங்கடை அண்ணையே அதுக்குத்தானே வேண்டாமெண்டவர்."

"இப்ப எடுக்கிறதைவிடக் கூடத்தான் அண்ணி. ஆனால் அண்ணையோடை வந்து தொழில் செய்தால் கிடைக்கிறதிலை பாதியும் தேறாது. பார்லிமெண்ட் சட்டம் போட்டு வைச்ச சம்பளம். வருசா வருசம் ஒரு மந்திரியிட்டையும் கை நீட்டத் தேவையில்லை. கதிரையிலை ஏறின பிறகு ஒருத்தரும் குறைக்கவும் ஏலாது, அறுபத்தைஞ்சு வரைக்கும் லேசிலை எழுப்பவும் ஏலாது. அதுக்குப் பிறகு பென்ஷன். ஆனால் வெளியிலை ஒரு வெள்ளிக் காசு உழைக்கேலாது."

"அதைத்தான் நானும் அண்டைக்குச் சொன்னனான்," என்றார் அம்பிகைபாகன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"பினாங்கிலை போட்டால் இன்னொரு கரைச்சல். நீங்கள் எனக்கு முன்னாலை நிக்கேலாது. நான் உங்கடை வழக்குக் கேக்கேலாது."

"நான் நிக்க மாட்டன், பயப்படாதை."

தம்பி தட்டைப் பார்த்தான்.

"உண்மையான கஷ்டம் அதில்லை அண்ணை. காசுமில்லை. இது நீங்கள் வேண்டாமெண்ட கதிரை. அதிலை நான் போய் இருந்தால் சனம் என்ன சொல்லும்? தமையன் தள்ளினதைத் தம்பி பொறுக்கினான் எண்டு. உங்களுக்குக் காணாத மரியாதை எனக்கு எப்பிடிக் காணும்? நீங்கள் ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. அதைக் கேக்கத்தான் வந்தனான்."

அம்பிகைபாகன் கையைக் கழுவ எழுந்தார். குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றார்.

என்ன விந்தை! அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தம்பியைத் தடுக்க வேண்டாம்; எவரிடமும் போய் ஒரு குறை சொல்ல வேண்டாம். எட்டு வருடத்துக்கு முன்பு பந்தியில் வீசிய ஒரு வார்த்தை, அவருக்காகக் காவல் நின்று, தம்பியை நாற்காலிக்குப் பக்கத்தில் போகவிடாமல் மறித்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கே 'அம்பிகைபாகனும் சகோதரரும்' என்று போர்டு எழுதலாம். சகோதரர் என்ற சொல் இரண்டாவதாகத்தான் வரும்.

அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. அப்படி இனித்ததற்காக வெட்கப்படவும் அவருக்கு நேரம் இருக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நீ யோசிச்சது சரிதான் சிறி. குடும்பத்துக்கு ஒரு பேர் இருக்கு. ஒருத்தன் வேண்டாமெண்டதை மற்றவன் தொடுறது அழகில்லை."

"ஓம் அண்ணை."

எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் தண்ணீர்க் கிளாஸை எடுத்த தம்பியின் கை, வாய்க்குப் போகாமல் பாதியில் மேசைக்குத் திரும்பியது. அவனுக்கு அந்த நாற்காலி வேண்டும் என்பதை அம்பிகைபாகன் கண்டார். திரங்கானுவிலும் மூவாரிலும் பெட்டி கட்டிய காலமெல்லாம் வேண்டியிருந்திருக்கிறான். ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

"நல்ல முடிவு தம்பி," என்று தவமணி பாயசம் கொண்டுவந்து வைத்தாள். காலையில் செய்ய நினைக்காத பாயசம். எந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றினாளோ!

"பெரியவரிட்டையும் இதைத்தான் அண்ணி சொல்லியிருக்கிறன்," என்றான் ஸ்ரீஸ்கந்தராஜா.

"எதை?" என்றார் அம்பிகைபாகன்.

"எட்டு வருசத்துக்கு முந்தி என்ரை அண்ணையைக் கேட்டனீங்கள், அவர் மறுத்தவர், அவரிட்டைக் கேளாமல் நான் பதில் சொல்லேலாது எண்டு."

கோயில் மணிக்கூண்டு தலைக்கு மேல் விழுந்தாலும் அம்பிகைபாகன் அப்படி அசையாமல் இருந்திருக்க மாட்டார்.

"அவரிட்டையோ சொன்னாய்?"

"ஓம். உள்ளதைத்தானே சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

" 'அப்படியா, எனக்குத் தெரியாதே, விசாரித்துப் பார்க்கிறேன்' எண்டவர். நான் இண்டைக்கு இஞ்ச நிப்பன் எண்டு உங்கடை நம்பரைக் குடுத்தனான். பின்னேரம் எடுப்பாராம்."

பாயசத்தின் மேல் ஆடை படிந்தது.

முப்பது வருடம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவர் அம்பிகைபாகன். இதன் அடுத்த கேள்வி என்ன என்று அவருக்குத் தெரியாதா? பெரியவர் அங்கே நாலு பேரைக் கேட்பார். நாலு பேரும் இல்லை என்பார்கள். பிறகு அவர் மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும்: நீதிபதியாக வரப்போகிற ஆள், முதல் பேச்சிலேயே தன் குடும்பத்தைப் பற்றி இல்லாத பெருமை பேசினானே, இவனை எப்படி நம்புவது? நாற்காலி போவது ஒரு பக்கம். ஸ்ரீஸ்கந்தராஜா என்றால் அளப்பவன் என்ற பெயர் நீதிமன்ற வட்டாரம் முழுவதும் நிலைத்துவிடும். செஷன்ஸ் நீதிமன்றத்தில்கூட அவன் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

தப்ப ஒரு வழி இருந்தது.

"சிறி, அவர் எடுக்கும்வரை ஏன் காத்திருக்கிறாய்? நீயே இப்ப எடுத்துச் சொல்லிவிடு, வேண்டாமெண்டு. வேண்டாமெண்டிட்டால் பிறகு அவைக்கு விசாரிக்கிற வேலையும் இல்லை."

"இப்பவோ?"

"இப்பவே. மரியாதைக்காரன் காக்க வைக்கக் கூடாது."

ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டான். கூடத்து மூலையில் இருந்த தொலைபேசியை நோக்கி நடந்தான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்பிகைபாகனுக்கு, இன்னும் பத்து எட்டில் தம் பொய்யும் பிழைத்துக்கொள்ளும், தம்பியும் தமக்குக் கீழேயே இருப்பான் என்ற கணக்கு அழகாகப் பொருந்தியது.

தம்பி ரிசீவரில் கை வைப்பதற்குள் மணி அடித்தது.

"ஹலோ... யெஸ், சேர்... இருக்கிறார், சேர்." ஸ்ரீஸ்கந்தராஜா ரிசீவரை நீட்டினான். "அண்ணை, உங்களோடைதானாம் கதைக்க வேணும். என்னோடை இல்லையாம்."

அம்பிகைபாகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தம்மைப் பார்க்க முடியாத ஒரு குரலுக்கு முன்னால் எதற்கு வேட்டியைச் சரிசெய்தார் என்று அவருக்கே பிறகுதான் தோன்றியது.

பெரியவரின் ஆங்கிலம் மிருதுவாக இருந்தது. நலம் விசாரித்தார். பினாங்கில் மழையா என்று கேட்டார். பிறகு சொன்னார்: இங்கே தேடிப் பார்த்தேன். உங்களைக் கேட்டதாக ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கு முன்பு இந்த இடத்தில் இருந்தவர் காலமாகிவிட்டார், அவரைக் கேட்க வழியில்லை. யார் உங்களிடம் பேசியது, மிஸ்டர் அம்பிகைபாகன்?

காலமாகிவிட்டவர்.

அந்தப் பெயர் அம்பிகைபாகனின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. இறந்தவரை யார் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியும்? ஒரு பெயரைச் சொன்னால் போதும். தம்பி சொன்னது உண்மையாகிவிடும். அவருடைய எட்டு வருடமும் உண்மையாகிவிடும்.

குரல் தொடர்ந்தது: சிறிய விஷயம்தான். ஆனால் உங்கள் தம்பி என்னிடம் சொன்ன முதல் செய்தி இது. அவர் வார்த்தையை நான் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அம்பிகைபாகன் தம்பியைப் பார்த்தார். அவன் இரண்டு அடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் பெருமை பேசப்படும்போதெல்லாம் அவன் அப்படித்தான் நிற்பது வழக்கம். அந்த முகத்தில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

பொறாமை அப்போதும் அடங்கவில்லை. நெஞ்சில் அது வெந்நீர் மாதிரிக் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கும் மேலே ஒன்று நிமிர்ந்தது. செத்தவரைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்த குடும்பம் என்று, என்றைக்காவது ஒரு நாள், யாராவது ஒருவர் சொல்லலாம். பொய்யே பேசாத ஒருவன் பொய்யன் என்று பெயர் எடுக்கலாம். அப்படி ஒரு பெயர் இந்த வீட்டுக்கு வருவதை அம்பிகைபாகனால் சகிக்க முடியாது. பொய் சொன்னவன் ஒருவன் இருக்கிறான் என்றால் அவனே சுமக்கட்டும். அவனுக்குத் தோள் இருக்கிறது.

"ஒருவரும் கேட்கவில்லை, சேர்," என்றார், நீதிமன்றத்தில் பேசும் அதே ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "நான்தான் வீட்டில் அப்படிச் சொல்லி வைத்தேன். என் தம்பி அதை நம்பினான். நான் சொல்வதை எல்லாம் அவன் நம்புவான். உங்களிடம் அவன் சொன்னதில் பொய் இருந்தால் அது என்னுடையது."

அடுக்களை வாசலில் ஒரு கிண்ணம் தரையில் உருண்டது. தவமணி கான்வென்டில் படித்தவள். ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே விளங்கும்.

 "நன்றி. தம்பியிடம் கொடுங்கள்," என்றது குரல். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா ரிசீவரை வாங்கினான். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யெஸ், சேர்."

நீண்ட இடைவெளி.

"யெஸ்."

அதைவிட நீண்ட இடைவெளி. அம்பிகைபாகன் அங்கேயே நின்றார். பெரியவரின் குரல் ரிசீவரிலிருந்து கொசு ரீங்காரம் போல் கசிந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"ஐ அண்டர்ஸ்டாண்ட், சேர். தேங்க் யூ."

ரிசீவரை வைத்துவிட்டுத் தம்பி சிறிது நேரம் அதன் மேல் கையை வைத்தபடியே நின்றான். எதற்கு 'யெஸ்' என்றான்? வேண்டும் என்பதற்கா, இனி வேண்டியதில்லை என்று அவர் சொன்னதற்கா? கல்லூரி மதிப்பெண் முதல் கலியாணப் பேச்சு வரை எதையும் அண்ணனிடம் உடனே ஒப்பிக்கிறவன், இன்று வாய் திறக்கவில்லை.

"ஃபெரிக்கு நேரமாச்சு," என்றான். "போட்டு வாறன் அண்ணை. அண்ணி, போட்டு வாறன்."

"சிறி..."

"ஓம் அண்ணை?"

என்ன சொன்னவர் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கும் உரிமையை ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவர் தம் வாயாலேயே விட்டுக்கொடுத்திருந்தார்.

"பாத்துப் போ."

தம்பி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினான். வாசலில் பேச்சாவைக் கைதட்டி அழைத்தான். ஏறி உட்கார்ந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் தவமணியின் குரல் கேட்டது. கோபமாக இருந்தால்கூடத் தேவலை. அது மிகத் தெளிவாக இருந்தது.

"எட்டு வருசமா நான் எந்தெந்த வீட்டிலை என்னென்ன சொல்லித் திரிஞ்சனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? ஈப்போச் சம்பந்தி வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகினம். சம்பந்தியின்ரை பழைய சிநேகிதர் ஷேக் அலாவுதீன்ரை வீட்டிலைதான் மத்தியானச் சாப்பாடு அவைக்கு. நாங்களும் வர வேணுமாம். நான் வரமாட்டன். நீங்கள் தனியப் போய் இருந்து சாப்பிடுங்கோ."

அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அம்பிகைபாகன் ஜன்னலை விட்டு நகரவில்லை. பேச்சா மெக்காலிஸ்டர் ரோட்டு மரங்களுக்கு அடியில் சிறுத்துக்கொண்டே போயிற்று. சம்பந்தி வீட்டைப் பற்றி அவர் யோசிக்க வேண்டும். அலாவுதீனின் மேசையில் எப்படி உட்காருவது என்று யோசிக்க வேண்டும். மூடிய கதவைத் தட்டவும் வேண்டும். ஆனால் அவர் நெஞ்சை அந்த நேரத்தில் அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

பெரியவர் தம்மோடு பேசியதைவிடத் தம்பியோடுதான் அதிக நேரம் பேசினார்.